மூலை வெட்டிய அட்டை

29-12-77, வியாழன்

காலையில் தூறல். அப்புறம் வெயில் மாதிரி ஒன்று. துணி காயவில்லை.

சபை உபதேசியார் வீட்டிலிருந்து அட்டை வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பெட்டிகள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் காக்கி. இதைச் சீட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் எழுதி, புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். வாக்குத்தத்த அட்டை. பார்க்காமல் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். வருஷம் முழுக்க ஆண்டவர் தனக்கென்று சொன்ன வார்த்தை அது என்று வைத்துக்கொள்வார்கள். எழுதுகிற எனக்குத்தானே தெரியும், எத்தனை அட்டையில் மை கசிந்தது என்று.

ஆறாவது வருஷம் எழுதுகிறேன். கையெழுத்து நன்றாக இருந்தால் இந்தக் கதிதான்.

62 வேண்டும். 61 முடிந்தது. கடைசித் துண்டு சின்னது. அதில் எழுத எடுத்த வசனமோ நீளம். உலகத்தில் உபத்திரவம் உண்டு என்பது முன்பாதி. ஆனாலும் திடமாயிரு, நான் உலகத்தை ஜெயித்தாயிற்று என்பது பின்பாதி. இடம் போதவில்லை. முன்பாதி மட்டும் எழுதி விட்டுவிட்டேன். நம் சபைக்காரர்களுக்கு மிச்சம் தெரியாதா என்ன.

என் வீட்டுக்காரருக்கு இருமல் ஐந்தாவது வாரம். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைக்குப் பக்கத்திலேயே ஒன்பது வருஷம். புகைதான் காரணம் என்கிறார். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. சளியும் சோதனைக்குக் கொடுத்தாயிற்று. 7-ந் தேதி சனிக்கிழமை வந்து கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கவலைகள் (எண் போட்டால் குறையுமோ என்று):
1. எக்ஸ்ரே
2. எக்ஸ்ரே
3. கூரை ஒழுகல்
4. எக்ஸ்ரே

30-12-77, வெள்ளி

பனி. எதிர்த் தெருக் கோயிலில் மார்கழி பஜனை, ஒலிபெருக்கியோடு. எனக்கு அதற்கு முன்னாலேயே விழிப்பு. இவர் இருமுவதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பதினேழு.

அட்டைகளைச் சரிபார்த்தேன். பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன் என்கிற வசனம் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருக்கிறேன். நல்ல அட்டை. மை கசியாமல், எழுத்து முத்து முத்தாக.

அதன் வலது மூலையைக் கத்தரியால் கொஞ்சம் வெட்டினேன்.

எழுதிவிடுகிறேன், இதை யார் பார்க்கப் போகிறார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். கடைசியாக எடுப்பதும் நான். வெட்டிய மூலை விரலுக்குத் தெரியும். அடியில் வைத்துவிட்டால் எனக்கே வரும். இந்த ஒரு வருஷம் மட்டும்.

ஞாயிறு பள்ளியில் போன வாரம் நடத்திய பாடம்: கவலைப்படாமல் இருப்பது எப்படி. விதைக்காத, அறுக்காத பறவைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். காக்காய் நன்றாக வந்தது.

நடத்தை: 100க்கு 0. (டீச்சருக்கும் மார்க் உண்டு.)

31-12-77, சனி

சுண்ணாம்பு அடித்தது போலப் பனி. முறுக்கு சுட்டேன். எண்ணெய்ப் புகை பட்டு இவருக்கு இருமல் கூடிப்போனது. என்னைத் திட்டிக்கொண்டேன்.

வாங்கியவை: ஊதுபத்தி ஆசைதான், வாங்கவில்லை (இந்து வழக்கமாம், உபதேசியார் மனைவி பார்த்தால் தொலைந்தேன்). பூ, வாழையிலை, மிளகு.

மூலையை ஒட்ட முடியுமா என்று யோசித்தேன். ஒட்டவில்லை.

1-1-78, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் சபைக் கோயில் நிறைந்திருந்தது. நம் கவரைப்பேட்டை ஆட்களோடு நாலைந்து இந்துக் குடும்பங்களும் வந்தார்கள், வருஷப் பிறப்புக்கு எப்போதும் வருவார்கள். மீன்காரி செங்கேணியும் வந்திருந்தாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து நம் தெருக்களில் இறாலும் மடவை மீனும் விற்கிறவள். ஏழெட்டு வருஷப் பழக்கம். கூடைக்கு மேலே சுமாரான மீனைப் பரப்பி, தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் அடியில் கையை விட்டு நல்லதை எடுத்துக் கொடுப்பாள். எனக்கு எப்போதும் அடியிலிருந்துதான். அவள் மகள் வசந்தாவுக்குத் தலைப்பிரசவம், பிள்ளை திரும்பாமல் இருக்கிறதாம். அதற்காகத்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொன்னாள்.

ஆராதனை முடிந்தது. தட்டோடு நின்றேன். எல்லோரும் மேலாக எடுத்துக்கொண்டு போனார்கள். செங்கேணி மட்டும் தட்டுக்குள் விரலை நுழைத்து அடியில் துழாவினாள்.

"நல்லது அடியிலதான் கீது டீச்சரம்மா."

சிரித்துக்கொண்டே எடுத்தாள். மூலை வெட்டிய அட்டை.

அடுத்தவருக்குத் தட்டை நீட்டினேன். கடைசியில் எனக்கு மிஞ்சியது அந்தச் சின்னத் துண்டு. உபத்திரவம் உண்டு. என் சோம்பேறித்தனம் எனக்கே வந்து சேர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் கலைந்த பிறகு செங்கேணி அட்டையை நீட்டி, இன்னா போட்டுக்குது, படி என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வாங்கினேன். என் கையில் இரண்டு அட்டை. படித்தது ஒன்று, கொடுத்தது மற்றொன்று.

பயப்படாதே என்று படித்தேன். அவள் கண் கலங்கி, அட்டையைக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். உபத்திரவத்தை முடிந்துகொண்டு போகிறாள்.

வார்த்தையை அவள் காதால் கேட்டாளே, காகிதத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதத்தில் ஒன்றுமில்லை என்றால் நீ ஏன் மாற்றினாய் என்று கேட்க ஆளில்லை.

மார்க் போடவில்லை.

2-1-78, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாம் வகுப்பில் 31க்கு 19. மீதிப் பேர் ஊரிலிருந்து திரும்பவில்லை.

அட்டை என் வேதப்புத்தகத்துக்குள். எந்தப் பக்கம் திறந்தாலும் அந்த வெட்டிய மூலைதான் எட்டிப் பார்க்கிறது. முழங்கால் போட்டேன். வார்த்தை வரவில்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது, எழுந்துவிட்டேன். நல்ல சாக்கு.

பயப்படாதே என்ற வார்த்தையை வீட்டில் வைத்துக்கொண்டு இவ்வளவு பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

3-1-78, செவ்வாய்

செங்கேணி வந்தாள். அடியிலிருந்து நாலு மடவை. காசு கொடுக்கப் போனால், வருஷப் பிறப்புக்குப் போட்டது, வை என்றாள். நீட்டிய காசை மடக்கிக்கொண்டேன்.

அட்டையை வசந்தாவின் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். அன்றிலிருந்து பெண் நிம்மதியாகத் தூங்குகிறாளாம். இன்னொரு தரம் சொல்லு டீச்சரம்மா, நான் போய் அப்படியே சொல்றேன் என்றாள். சொன்னேன். பயப்படாதே. குரல் கூடக் கம்மவில்லை எனக்கு. நல்ல நடிகை.

கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே ஒன்று சொன்னாள். மருமகன் ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் மருந்து தயாரிக்கும் ஆலையில் வேலை. வியாழக்கிழமை லீவு போட்டு வருகிறான்.

"அவன் எட்டாவது படிச்சிகீறான். தெனம் ஒருவாட்டி அவளுக்குப் படிச்சிக் காட்டச் சொல்லப்போறேன்."

போய்விட்டாள்.

வியாழக்கிழமை. நிறைமாதப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புருஷன் படிப்பான்: உலகத்தில் உபத்திரவம் உண்டு. அவ்வளவுதான். பின்பாதி அவர்களுக்கு எங்கே தெரியும். தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டவள் நான்.

மீன் குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டேன். இவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

4-1-78, புதன்

பனியோடு புகை. ஆலைப் பக்கம் வானம் காலையிலேயே பழுப்பு.

செங்கேணி வந்தால் சொல்லிவிடுவது. எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்:
அ) அட்டை தவறி மாறிவிட்டது. (பொய்)
ஆ) இதைவிட நல்ல அட்டை ஒன்று தருகிறேன். (வியாபாரம்)
இ) திருடினேன்.

வரவில்லை. உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே என்னைக் கிள்ள வேண்டும்.

5-1-78, வியாழன்

இன்றும் வரவில்லை. மதியம் வேறொருத்தி கூடையோடு வந்தாள். செங்கேணி எங்கே என்று கேட்டேன். அவ பொண்ணுக்கு வலி கண்டுடுச்சாம், ஊட்ல ஒரே பேஜாராக் கீது என்று சொல்லிவிட்டு, இறாலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஏழுமலை வந்திருப்பான். படித்திருப்பான்.

பிற்பகல் கணக்குப் பாடம். பலகையில் கழித்தலை எழுதிவிட்டுக் கூட்டிவிட்டேன். ஒரு பெண் எழுந்து சொன்னாள். அவளைப் போய் அதட்டினேன். என்ன டீச்சர் நான்.

வசந்தாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பை முழுசாக எழுத முடியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும், அசிங்கமானாலும். கூடவே ஒரு கணக்கும் ஓடுகிறது மனசில்: அந்த அட்டை என்னிடம் இருப்பதால் இவருக்கு ஒன்றும் இருக்காது என்று. ஆண்டவரை ரேஷன் அரிசி என்று நினைத்தேனா. அவளுக்குப் போனால் எனக்குக் குறையும் என்று.

6-1-78, வெள்ளி

இவருக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு ரயிலில் வந்து இறங்கினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தரி முதல்.

முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அட்டை உன்கிட்ட இருந்தா என் நெஞ்சு சரியாப் பூடுமா எஸ்தரு? நீ எழுதனதுதானே அது. உன் கையெழுத்த நீயே திருடி வெச்சிக்கினு, ராத்திரி பகலா அதுக்குக் காவலு வேற."

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே செய்தேன் என்றேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்காவ இல்ல. உன் பயத்துக்கு. எனக்கும்தான் பயமாக் கீது. நான் சொல்லல."

ஐந்து வாரத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார். இத்தனை நாள் நான் ஒருத்திதான் கவலைப்படுகிறேன் என்று பெருமையாகவே இருந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு ஆள் பயத்தோடு படுத்திருந்தது தெரியவில்லை. இருமலை எண்ணத் தெரிந்தது.

நாளை திருவள்ளூருக்கு நான் வரவேண்டாம், நேராகப் பழவேற்காடு போ என்கிறார். முடியாது, தனியாக எப்படிப் போவீர்கள் என்றேன். பெரியபாளையம் வழி பஸ் ஏற எனக்குத் தெரியும், கூட வருகிறவர் வருவார் என்றார். ஆண்டவரைப் பற்றி அப்படிச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கோயிலில் பாதிப் பிரசங்கத்தில் தூங்குகிற மனுஷன்.

எடுத்து வைத்தவை: அட்டை. பேனா. வசந்தாவுக்கு முறுக்கு. குடை.

7-1-78, சனி

காலை நாஷ்டா யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவர் பஸ்ஸுக்கு. நான் பொன்னேரி ரயிலுக்கு, அங்கிருந்து பழவேற்காடு பஸ். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்தேன். அவரும் பார்த்தார்.

குப்பத்தில் கேட்டு விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. வாசலில் செங்கேணி இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் வசந்தா, ஒருக்களித்து. முகம் வீங்கியிருந்தது. ஆனால் இருந்தாள். உயிரோடு இருந்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை வந்தது பொய் வலியாம். திங்கட்கிழமை பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஏழுமலை வலையை மடித்து வைத்துவிட்டு வந்து, வணக்கம் சொல்லி, ஒரு மாதிரி பார்த்தான். செங்கேணி தானே ஆரம்பித்தாள்.

"இவன் படிச்சான் டீச்சரம்மா. ஒலகத்துல உபத்திரவம்தான் கீதுன்னு போட்டுக்குதாம். நீ படிச்சது வேற. நான் இவன்கிட்ட சொன்னேன், புள்ளத்தாச்சிப் பொண்ணு பயந்துடப் போவுதுன்னு டீச்சரம்மா மனசுல இருந்து நல்ல வார்த்தையா மாத்திச் சொல்லிகீதுடா, எம்மாம் நல்ல மனசு பாருன்னு."

அடித்திருக்கலாம் அவள்.

எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள் பாருங்கள் என்று தோன்றியது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நல்லவளாகவே வீட்டுக்குப் போகலாம். ஒரு நிமிஷம் அந்த வழியைப் பார்த்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பையிலிருந்து அட்டையை எடுத்து வெட்டிய மூலையைக் காட்டிச் சொன்னேன். நான் வெட்டியது. எனக்கென்று அடியில் வைத்தது. நீ எடுத்ததும் பொறுக்காமல் மாற்றியது. இவர் நெஞ்சு, எக்ஸ்ரே, எல்லாம்.

அவள் கை இறாலில் அப்படியே நின்றது.

"ரெண்டும் உங்க சாமி சொன்னதுதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஏன் மாத்துன?"

பயம் என்றேன்.

"எனக்கும்தான் பயம். நான் உங்கூட்ல இருந்து எதனா எடுத்தனா?"

தலை நிமிரவில்லை எனக்கு. உபத்திரவ வசனத்துக்கு இன்னொரு பாதி உண்டு, அதையும் நான்தான் எழுதாமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். அது இன்னா என்று கட்டிலிலிருந்து வசந்தா கேட்டாள். இன்றைக்கு அவள் பேசிய ஒரே வார்த்தை. சொன்னேன். திடமாயிரு, நான் ஜெயித்தாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பயந்து மூடிய மாதிரி இல்லை.

தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள் செங்கேணி. மிச்சத்த எழுது என்றாள். காக்கிப் பக்கத்தில் எழுதினேன். அவள் அதை ஏழுமலையிடம் நீட்டினாள், படி என்று. நான் சொன்னதும் அவன் படித்ததும் ஒன்றுதானா என்று கேட்டு நின்றாள். இனிமேல் அப்படித்தான். அது எனக்கு வேண்டும்தான்.

இரண்டு அட்டையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். மூலை வெட்டியதை எடுத்துக்கொண்டு, மற்றதை என் கையில் வைத்தாள்.

"என்துதான் எனக்கு. உன்து உன்கிட்டயே கெடக்கட்டும்."

முறுக்கை வாங்கிக்கொண்டாள். போய் வருகிறேன் என்றபோது இறாலுக்கே திரும்பிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம். ஏரி முழுக்க வெயில். ஒரு வாரமாக வராத ஜெபம் வந்தது, ரொம்பச் சின்னதாக. ஆண்டவரே, நான் ஒரு திருடி. வசந்தாவைப் பார்த்துக்கொள்ளும், இவரையும் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். எதுவும் மடியில் மறைத்து வைக்காமல் கேட்டது அது. பொன்னேரி வருவதற்குள் தூங்கிப்போனேன். பட்டப்பகலில், பஸ்ஸில், வாயைத் திறந்துகொண்டு.

நாலு மணிக்கு இவர் வந்தார். கையில் பெரிய உறை. வலது நெஞ்சில் நிழல் இருக்கிறதாம். காச நோய். ஒன்றரை வருஷம் மருந்து. ஆரம்பத்தில் தினம் ஊசி. உலை வேலை கூடாது, ஆலையில் வேறு இடம் கேட்க வேண்டும். தம்ளர், தட்டு தனி.

கேட்டுக்கொண்டிருந்தேன். விழுந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன் இத்தனை நாளும். விழவில்லை. பயம் இருக்கிறது. அழுதேன், இரண்டு பேருமே அழுதோம். ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது, போன வாரம் அது இல்லை. ஒன்றரை வருஷம்தானே, மருந்து இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். என் குரலா என்று அவர் பார்த்தார்.

அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று கேட்டார். முன்பக்கம் என்றேன். பின்பக்கம் இருப்பது நமக்குத் தெரியுமே.

8-1-78, ஞாயிறு

உபதேசியாரிடமும் சொல்லியாயிற்று. அடுத்த வருஷம் நான் எழுதவில்லை, தட்டும் பிடிக்கவில்லை என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். எழுதுங்கள், தட்டை மட்டும் வேறு யாராவது பிடிக்கட்டும் என்றார். நியாயம்.

ஞாயிறு பள்ளி. பறவைப் பாடத்தை மறுபடி நடத்தினேன். டீச்சருக்கும் கவலை வரும் என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

9-1-78, திங்கள்

முதல் ஊசி. இடது கை.
பொன்னேரி. இந்நேரம் வசந்தாவுக்குப் பிரசவம் ஆகியிருக்குமா?
கணக்குப் பாடத்தில் அதட்டிய பெண்ணிடம் வருத்தம் சொன்னேன். ஓடிப்போய்விட்டாள்.

10-1-78, செவ்வாய்

மீன் வரவில்லை. கத்தரிக்காய். வசந்தாவுக்காக முழங்கால். இன்றைக்கு வார்த்தை இருந்தது.

11-1-78, புதன்

பனி குறைவு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் செங்கேணி. எப்போதும் படியில் உட்காருகிறவள் இன்று தெருவோரமாகவே, கூடையை மூடியபடி.

பெண் குழந்தை. திங்கள் சாயங்காலம். ஆயுதம் போட்டு எடுத்தார்களாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஸ்தோத்திரம் என்றேன், வாய்க்குள்ளேயே. இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். உச்சுக்கொட்டினாள்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இத்த படி."

ஏழுமலை படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"படிச்சான். நீ படி."

வாங்கிப் படித்தேன். குழந்தையின் எடை. தாய்க்கு இரத்தம் குறைவு, உடம்பில் நீர் இன்னும் வற்றவில்லை, எட்டு நாளில் மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே. மாத்திரை இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின். நல்லது, கெட்டது, கீழே இருந்த கிறுக்கல் கையெழுத்து உட்பட ஒரு சொல்லும் விடாமல் படித்தேன். முடியும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டை வாங்கி முடிந்துகொண்டாள். கூடையைத் திறந்து அடியில் கையை விட்டாள்.